கெகல் பயிற்சி எல்லோருக்கும் மருந்தாகுமா? ஆண்களின் இடுப்புத்தளமும் பிசியோதெரபியும்

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்ட ஒருவர். கதீட்டரை எடுத்ததும் அவருக்குப் புதிய சிக்கல் ஒன்று தொடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் சிறுநீர் கசிகிறது. இருமினால் கசிகிறது. பேரனைத் தூக்கினால் கசிகிறது. உயிர் பிழைத்ததற்கு மகிழ வேண்டிய நேரத்தில், ஈரமாகும் வேட்டியை நினைத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக்கொள்கிறார்.

இன்னொருவர் முப்பது வயதைத் தாண்டியவர். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் மாதக்கணக்காக வலி. அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. போனால் தாராளமாக வருவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. பலவகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்கியும் வலி அப்படியே இருக்கிறது.

இருவரும் தம் தொந்தரவை இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் கெகல் பயிற்சி. முதலாமவருக்கு அது கைகொடுக்கக்கூடும். இரண்டாமவருக்கு, ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கி, வலியைக் கூட்டிவிடக்கூடும். ஒருவருக்கு வேண்டியது வலு. மற்றவருக்கு வேண்டியது தளர்வு. யாருக்கு எது என்பதைத் தசையைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆண்களின் இடுப்புத்தளம் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது துலங்கும் முதன்மையான பாடம் இதுதான். அது நம் மருத்துவமனைகளின் நடைமுறைக்குள் வரவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இடுப்பின் அடித்தளம்

இடுப்பெலும்பு அடியில் திறந்திருக்கும் ஒரு வளையம். முன்புறம் பூப்பெலும்பு, பின்புறம் வாலெலும்பு, இருபுறமும் நாம் உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் எலும்புகள். இந்தத் திறப்பின் குறுக்கே, கட்டிய தூளியைப் போல, தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, புராஸ்டேட், மலக்குடல் ஆகியவற்றை அவை கீழிருந்து தாங்குகின்றன. சிறுநீர்க்குழாயும் மலக்குடலும் அவற்றை ஊடுருவித்தான் வெளியேறுகின்றன.

இந்தத் தசைகள் இரண்டு அடுக்குகளாக அமைந்தவை. உள்ளடுக்கு அகலமானது. அதில் ஒரு பட்டை பூப்பெலும்பிலிருந்து கிளம்பி, மலக்குடலின் பின்புறத்தை வளைத்து, மறுபடியும் பூப்பெலும்புக்கே திரும்புகிறது. அது இறுகும்போது மலக்குடல் முன்னோக்கி மடிந்து மலம் தடுக்கப்படுகிறது. தளரும்போது வழி நேராகிறது. வெளியடுக்கில் ஆண்குறியின் அடிப்பகுதியைத் தழுவிய இரண்டு தசைகள் இருக்கின்றன. ஒன்று சிறுநீர் கழித்து முடித்தபின் குழாயில் தங்கும் மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. விந்து வெளியேறுவதற்கும் அதுவே விசை தருகிறது. மற்றொன்று விறைப்பின்போது ஆண்குறிக்குள் நிறைந்த இரத்தத்தை மேலும் அழுத்தி, விறைப்பை உறுதிப்படுத்துகிறது. இவற்றோடு, சிறுநீர்க்குழாயையே சுற்றிப் பிடித்திருக்கும் சுருக்குத் தசை ஒன்றும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில், திருகெலும்பின் மட்டத்திலிருந்து வருகின்றன.

இவை எலும்புத் தசைகள். அதாவது, கை கால் தசைகளைப் போல நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை. அதனால் அவற்றுக்குப் பயிற்சி தர முடியும். கை கால் தசைகளைப் போலவே அவை பலவீனமடையவும் கூடும், பிடித்துக்கொள்ளவும் கூடும், தவறான நேரத்தில் இயங்கவும் கூடும். பிசியோதெரபிக்கு இங்கே இடம் இருப்பது இதனால்தான்.

பயிற்சி பிறந்த கதை

இந்தத் தசைகளுக்கான பயிற்சி பெண்களுக்காகத்தான் முதலில் வகுக்கப்பட்டது. பிரிட்டனில் மார்கரெட் மோரிஸ் என்ற நடனக் கலைஞர் 1930களிலேயே பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிகளில் இதைச் சேர்த்திருந்தார். உலகம் முழுக்கப் பெயர் நிலைத்தது அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகலுக்கு. பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசைகளைப் பயிற்சியால் மீட்பது பற்றிய அவருடைய கட்டுரை 1948இல் வெளிவந்தது.

கெகல் தந்தது வாய்வழி அறிவுரை மட்டும் என்று நினைப்பது தவறு. அவர் ஒவ்வொரு பெண்ணின் தசையையும் விரலால் சோதித்தார். சுருக்கத்தின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் வடிவமைத்தார். சரியான தசையைத்தான் இயக்குகிறோமா என்று அந்தப் பெண்ணே முள்ளின் அசைவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. பின்னாளில் சோதனையும் கருவியும் கழன்று விழுந்தன. 'சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்குங்கள்' என்ற ஒற்றை வாக்கியம் மட்டும் துண்டறிக்கைகளில் ஏறியது.

அந்த ஒற்றை வாக்கியம் எவ்வளவு தூரம் போதும் என்று 1991இல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 47 பெண்களுக்குச் சுருக்கமான வாய்மொழி விளக்கம் மட்டும் தந்து, அவர்கள் செய்வதை அளந்தபோது, சரியாகச் செய்தவர்கள் 49 சதவீதம் பேர்தான். 25 சதவீதம் பேர் கீழ்நோக்கி முக்கினார்கள். கசிவைக் குறைப்பதற்குப் பதில் கூட்டக்கூடிய செயல் அது. ஆண்களுக்கான பயிற்சி இந்த மரபிலிருந்துதான் கடன் வாங்கப்பட்டது. அதன் குறையும் கூடவே வந்தது.

அறுவைக்குப் பின் கசிவு: முரண்படும் இரண்டு ஆய்வுகள்

புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. அதை முழுமையாக அகற்றும்போது சிறுநீர்ப்பைக் கழுத்தில் தன்னியக்கமாக மூடிக்கொள்ளும் அமைப்பும் பெரும்பாலும் சேதப்படுகிறது. அதுவரை இரண்டு பூட்டுகள் செய்த காவலை, கீழே எஞ்சியிருக்கும் சுருக்குத் தசை தனியே செய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தசைக்கும் அதன் நரம்புகளுக்கும் அறுவையின்போது ஓரளவு பாதிப்பு நேர்ந்திருக்கலாம். ஆகவே தொடக்க வாரங்களில் கசிவது இயல்பு. ஓராண்டுக்குள் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அந்த ஓராண்டைக் குறைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

பெல்ஜியத்தின் லூவென் நகரில் மரைக் வான் காம்பன் குழுவினர் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. அறுவை முடிந்து கதீட்டர் எடுத்தபின் கசிவு இருந்த 102 ஆண்கள் இரு பிரிவுகளாகச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு, கசிவு நீடிக்கும்வரை, தனித்தனியாக இடுப்புத்தளப் பயிற்சி. மற்றப் பிரிவினருக்குப் பொதுத் தகவல்களும் பயன் தராத போலி மின்சிகிச்சையும். மூன்று மாத முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேரும் மற்றவர்களில் 56 சதவீதம் பேரும் கசிவின்றி இருந்தனர். ஓராண்டு கடந்தபோதும் இடைவெளி 14 சதவீதப் புள்ளிகளாக நீடித்தது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே இதழில் பிரிட்டனின் மாப்ஸ் ஆய்வு வெளிவந்தது. அளவில் பல மடங்கு பெரியது. புராஸ்டேட்டை முழுமையாக அகற்றிய 411 பேர், சிறுநீர்க்குழாய் வழியாகப் புராஸ்டேட்டைச் செதுக்கியெடுத்த 442 பேர். அறுவைக்கு ஆறு வாரங்களுக்குப் பின்னும் கசிவு இருந்தவர்கள் இவர்கள். ஒரு பிரிவினர் மூன்று மாதங்களில் நான்கு முறை பயிற்சியாளரைத் தனியே சந்தித்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஓராண்டில், முழு அகற்றல் நடந்தவர்களில் பயிற்சிப் பிரிவில் 76 சதவீதத்தினருக்கும் மற்றப் பிரிவில் 77 சதவீதத்தினருக்கும் ஏதோ ஓர் அளவில் கசிவு இருந்தது. வித்தியாசம் இல்லை. செலவுக்கேற்ற பயனும் இல்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

ஒன்று பயன் உண்டு என்கிறது; மற்றொன்று இல்லை என்கிறது. இப்படி வரும்போது நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது ஆய்வுக்கு அழகல்ல. இரண்டிலும் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். லூவெனில் பயிற்சி கதீட்டர் எடுத்தவுடன் தொடங்கியது, தேவைப்படும்வரை தொடர்ந்தது. பிரிட்டனில் ஆறு வாரம் தாண்டித் தொடங்கி, நான்கு சந்திப்புகளில் முடிந்தது. ஒப்பீட்டுப் பிரிவிலும் கணிசமானோர் தாமாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கசிவு என்பதன் வரையறையும் ஒன்றல்ல. இவை எல்லாம் ஓரளவு விளக்கம் தரும். ஆனால் அடிப்படையான ஐயம் ஒன்று எஞ்சுகிறது: பயிற்சி பெற்ற ஆண்கள் எந்தத் தசையைப் பயிற்றுவித்தார்கள்?

எந்தத் தசை?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், ரயான் ஸ்டாஃபர்டு ஆகியோர். விரைப்பைக்குப் பின்னால், தோலின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, ஓர் ஆண் தசைகளை இறுக்கும்போது உள்ளே எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று திரையில் பார்த்தார்கள். சிறுநீர்க்குழாயைச் சுற்றிய சுருக்குத் தசை இறுகினால் குழாயின் நடுப்பகுதி பின்னோக்கி நகர்கிறது. மலக்குடலை வளைத்த பட்டை இறுகினால் சிறுநீர்ப்பைக் கழுத்துப் பகுதி முன்னும் மேலுமாக உயர்கிறது. ஆண்குறியின் அடியைத் தழுவிய தசை இறுகினால் குழாயின் அடிப்பகுதி நசுங்குகிறது. மூன்று தசைகளின் வேலையையும் வெவ்வேறாகப் பிரித்தறிய முடிந்தது.

2016இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, தரும் கட்டளை மாறினால் இயங்கும் தசையும் மாறுகிறது என்று காட்டியது. 'ஆசனவாயை இறுக்குங்கள்' என்றபோது ஆசனவாய்த் தசைதான் அதிகம் வேலை செய்தது. 'ஆண்குறியை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்' என்றபோது சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதி நன்றாக நகர்ந்தது. 'சிறுநீர்ப்பையை மேலே தூக்குங்கள்' என்றபோது வயிற்றுத் தசைகள் இறுகி, சிறுநீர்ப்பையின் மேல் அழுத்தம் கூடியது.

ஆண்களுக்கான பயிற்சியில் நெடுங்காலம் ஆசனவாய்தான் மையமாக இருந்தது. சோதிப்பதும் ஆசனவாய்க்குள் விரல் விட்டு, தசையின் இயக்கத்தை நோயாளிக்கே காட்டும் பயோஃபீட்பேக் உணர்கருவியைப் பொருத்துவதும் அங்கேயே. மலம் அடக்குவதற்கு வேண்டிய தசையைச் சோதித்து, அதை வலுப்படுத்தி, சிறுநீர் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறோம் என்பது ஹாட்ஜஸ் குழுவின் வாதம். பழைய ஆய்வுகளின் முரண்பாட்டுக்கு இது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும். ஆயினும் ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிவது, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடமும் பலன் தரும் என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது. அதற்குப் பெரிய ஆய்வுகள் வேண்டும்.

நடைமுறையில் இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. அறுவைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது. நன்றாக இருக்கும் தசையை இயக்கக் கற்றுக்கொள்வது, வீங்கி, வலித்து, உணர்வு குன்றிய தசையை இயக்கக் கற்பதைவிட எளிது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 97 ஆண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்கியது. ஒரு பிரிவினர் நாளுக்கு மூன்று சுற்று வழக்கமான பயிற்சி செய்தனர். மற்றவர்கள் நின்றுகொண்டே, விரைவான சுருக்கமும் நீடித்த சுருக்கமும் கலந்து, நாளுக்கு ஆறு சுற்று செய்தனர். தீவிரமாகப் பயின்றவர்களுக்குக் கசிவு விரைவில் குறைந்தது. கசிவு பெரும்பாலும் நிற்கும்போதும் எழும்போதும்தான் நேர்கிறது. படுத்துக்கொண்டு மட்டும் பயின்றால் அந்தத் தருணத்துக்குத் தசை தயாராகாது.

வலியின் கதை வேறு

இனி, இரண்டாம் வகை நோயாளிக்கு வருவோம். இடுப்புக்குள் நீடித்த வலி என்றால் புராஸ்டேட்டில் அழற்சி என்று எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இந்த நோயை நான்கு வகைகளாகப் பிரித்தன; அந்த வகைப்பாடு 1999இல் பரவலாக அறிமுகமானது. பாக்டீரியா தொற்றால் வருபவை முதல் இரண்டு வகைகள். மூன்றாவது வகையில் வலி உண்டு, தொற்று இல்லை. நான்காவதில் தொந்தரவே இருக்காது. நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மூன்றாவது வகையில்தான் அடங்குகிறார்கள்.

தொற்று இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி என்ன செய்யும்? 2004இல் 196 ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியையும், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் என்ற மருந்தையும் ஆறு வாரம் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தது. நெடுநாள் வலியால் அவதிப்பட்டவர்களுக்கு அவை வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. ஆனாலும் வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தருவது இன்றும் தொடர்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சிறுநீரியல் மருத்துவர் ராட்னி ஆண்டர்சனும் உளவியலாளர் டேவிட் வைஸும் வேறு பாதையில் போனார்கள். இந்த நோயாளிகள் பலரிடம் இடுப்புத்தளத் தசைகள் ஓயாமல் இறுகிக் கிடப்பதையும், சில புள்ளிகளைத் தொட்டால் நோயாளி சொல்லும் அதே வலி கிளம்புவதையும் அவர்கள் கவனித்தார்கள். அப்புள்ளிகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, உடலையும் மனத்தையும் இறுக்கம் தணியப் பழக்குவது என்ற இரண்டையும் இணைத்து, மற்றச் சிகிச்சைகளுக்குப் பணியாத 138 ஆண்களுக்கு அளித்தார்கள். 72 சதவீதம் பேர் ஓரளவோ பெருமளவோ தேறியதாகக் கூறினார்கள். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

ஒப்பீட்டுடன் நடந்த சிறிய ஆய்வு 2009இல் வந்தது. 23 ஆண்களும் 24 பெண்களும் கலந்துகொண்டனர். இடுப்புத்தளத்தையும் அதை ஒட்டிய தசைகளையும் இலக்காகக் கொண்ட சிகிச்சையில் 57 சதவீதம் பேர் தேறினர். உடல் முழுவதற்குமான மசாஜில் 21 சதவீதம். ஆண்களை மட்டும் எடுத்தால், பொது மசாஜ் பெற்றவர்களிலும் 40 சதவீதம் பேர் தேறியிருந்தனர். கைபட்டுத் தளர்வதே சிலருக்கு மருந்தாகிறது போலும். இத்தாலியில் 103 ஆண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், வேக நடை போன்ற மூச்சு வாங்கவைக்கும் பயிற்சிகள், வெறும் நீட்டல் பயிற்சிகளைவிட வலியைக் கூடுதலாகக் குறைத்தன.

இறுக்கம் ஏன் வருகிறது? ஒரே காரணம் இல்லை. பயமும் பதற்றமும் வரும்போது பலர் தாமறியாமல் கீழே இறுக்கிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் வந்துபோன தொற்று, வலியின் பழக்கத்தைத் தசைகளிடம் விட்டுச் செல்லலாம். நெடுநேரம் அசையாமல் உட்கார்வது, மலச்சிக்கலில் முக்குவது, இடுப்பிலும் முதுகிலும் உள்ள வேறு கோளாறுகள் ஆகியவையும் சேரலாம். வலி பயத்தைத் தருகிறது. பயம் இறுக்கத்தைக் கூட்டுகிறது. இறுக்கம் மறுபடி வலியாகிறது. இந்தச் சுழலை எந்த இடத்திலாவது அறுக்க வேண்டும்.

இங்கே பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவது தளர்த்தும் கலை. மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. அதோடு இடுப்புத்தளமும் மெல்லக் கீழிறங்குகிறது. வயிறு விரிய மெதுவாக மூச்சை இழுத்தால் இந்த அசைவை உணர முடியும். தொடையின் உட்புறம், புட்டம், அடிவயிறு ஆகியவற்றின் பிடிப்பை நீக்குதல், குந்தி அமர்ந்தும் குழந்தைபோல் குப்புற மடங்கியும் செய்யும் நீட்டல்கள், தேவைப்பட்டால் கையுறை அணிந்த விரலால் உள்தசைகளின் பிடிப்பை விடுவித்தல் என்று சிகிச்சை நகரும். இறுக்கம் தணியும்வரை வலுப்படுத்தும் பயிற்சி கூடாது.

விறைப்பு, சொட்டு நீர், மலச்சிக்கல்

பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் டோரி, விறைப்புக் கோளாறு உள்ள 55 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2004-05இல் வெளிவந்தது. மூன்று மாத நேரடிப் பயிற்சியும் பின்னர் வீட்டுப் பயிற்சியும் முடிந்தபோது 40 சதவீதம் பேருக்கு இயல்பான விறைப்பு திரும்பியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓரளவு தேறினர். கால்வாசிப் பேருக்குப் பலன் இல்லை. இதைச் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விறைப்புக் கோளாறுக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை பெரும் காரணங்கள். இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அது வரும். மருத்துவர் அவற்றைப் பார்த்த பிறகு, துணையாகச் சேர்க்கத் தகுந்தது இந்தப் பயிற்சி. விரைவில் விந்து வெளியேறும் தொந்தரவுக்கும் நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் சில ஒப்பீடு இல்லாதவை என்பதால் அளந்தே நம்ப வேண்டும்.

சிறுநீர் கழித்து, உடையைச் சரிசெய்து, நான்கடி நடந்தபின் சில சொட்டுகள் வெளிவருவது மிகப் பரவலான தொந்தரவு. இது நோய் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிறவர் தீட்டென்று குமைகிறார்; தொழுகைக்கு ஒளு செய்தவர் ஒளு முறிந்ததோ என்று தவிக்கிறார். ஆண்குறியின் அடியைச் சுற்றிய தசை குழாயை முழுமையாகக் காலி செய்யாததே காரணம். கழித்து முடித்ததும் தசையை ஒருமுறை வலுவாக இறுக்குவது, விரைப்பைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல அழுத்தி நீவுவது என்ற இரண்டும் உதவும். 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டு, தசைப் பயிற்சிக்கே கூடுதல் பலன் கண்டது.

மலச்சிக்கலிலும் இதே தசைகளுக்குப் பங்குண்டு. முக்கும்போது தளர வேண்டிய பட்டை, பழக்கக் கோளாறால் இறுகிக்கொண்டால், எவ்வளவு முக்கினாலும் வழி திறக்காது. அத்தகையோருக்கு மலமிளக்கியைவிட, தளர்த்தக் கற்றுத்தரும் பயோஃபீட்பேக் பயிற்சி பொருத்தமானது. குந்தி அமரும் நம் பழைய கழிப்பறை முறை, மலக்குடலின் மடிப்பை நேராக்குகிறது. மேற்கத்தியக் கழிப்பறையில் காலடியில் சிறு முக்காலி வைத்துக்கொண்டால் ஓரளவு அந்த நிலை கிடைக்கும்.

சிகிச்சை அறையில் நடக்க வேண்டியவை

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதலில் உட்காரவைத்துக் கேட்கிறார்: எப்போது கசிகிறது, எத்தனை பேட் மாற்றுகிறீர்கள், வலி எங்கே, உட்கார்ந்தால் கூடுகிறதா, மலம் எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, மனத்தில் என்ன பயம். நாள் முழுக்கக் குடித்த நீரையும் கழித்த நீரையும் இரண்டு மூன்று நாட்களுக்குக் குறித்துவரச் சொல்கிறார். பிறகு முதுகு, இடுப்பு, வயிறு, மூச்சு ஆகியவற்றைப் பார்க்கிறார். உள்சோதனை தேவை என்றால், ஏன் என்று விளக்கி, சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் நிறுத்தலாம் என்று உறுதி சொல்லித்தான் செய்ய வேண்டும். தயங்குவோருக்குத் தோலின்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்டும் வெளிப்பார்வையும் மாற்று வழிகள்.

அதன் பிறகே பயிற்சி எது என்று முடிவாகிறது. வலு குறைந்தவருக்கு இறுக்கிப் பிடித்தலும் விரைவாக இறுக்கி விடுதலும். எழுவதற்கும் இருமுவதற்கும் ஒரு கணம் முன்னதாக இறுக்கிக்கொள்ளும் பழக்கமும். இறுகியவருக்குத் தளர்வு. இரண்டும் கலந்தவருக்கு முதலில் தளர்வு, பிறகு வலு. இறுக்கும் அளவு நேரம் தளர்த்துவதற்கும் வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையும் புட்டத்தையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண எப்போதாவது ஒருமுறை உதவலாம். அதையே அன்றாடப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை காலியாகும் இயல்பான ஒழுங்கு கெடும்.

சில அறிகுறிகள் உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் போவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் கூடிய வலி, காரணமில்லாமல் எடை குறைதல், விரையில் கட்டி ஆகியவை இதில் அடங்கும். தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் திடீரென மரத்துப்போய், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

இடுப்புத்தள பிசியோதெரபி என்றாலே நம்மிடம் அது பிரசவத்தோடு சேர்த்துத்தான் நினைக்கப்படுகிறது. ஆண்களுக்கும் அந்தத் தசைகள் இருக்கின்றன என்பதே பலருக்குப் புதிய செய்தி. வாய்விட்டுச் சொல்லக் கூசும் தொந்தரவு என்பதால், முதலில் கண்ணில் படுவது சுவரொட்டிகளும் நள்ளிரவுத் தொலைக்காட்சி விளம்பரங்களும் தாம். விந்து வீணாவதால் உடல் தேய்கிறது என்ற அச்சத்தோடு வரும் இளைஞர்களின் மனநிலைக்கு, மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். நம் வழக்கில் அது தாது நஷ்டம். சொட்டு நீரும் இடுப்பு வலியும் சோர்வும் உள்ள ஒருவர் அந்த விளம்பரங்களைப் படித்தால், தம் நோயையே அவற்றில் காண்பார். பணமும் நிம்மதியும் அங்கே போய்விடும். தசைப் பிடிப்புதான், தளர்த்தலாம் என்று ஒருவர் அன்போடு விளக்கியிருந்தால் பாதி அச்சம் அங்கேயே விலகியிருக்கும்.

இந்தத் தேவை குறையப்போவதில்லை. 2020இல் உலகில் 14 லட்சமாக இருந்த புதிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாகும் என்று 2024இல் லான்செட் ஆணையம் கணித்தது. ஆயுள் கூடும் நாடுகளில்தான் இந்த உயர்வு அதிகம். சிகிச்சை முடிந்து உயிரோடு வாழப்போகும் ஆண்களும் பெருகுவார்கள். அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதும் மருத்துவத்தின் பொறுப்பு.

மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். முதலாவது, புராஸ்டேட் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பிசியோதெரபிஸ்டைச் சந்திக்கவும் நாள் குறிக்க வேண்டும். அறுவைக்குமுன் ஒரு சந்திப்பு, கதீட்டர் எடுத்தபின் தொடர் சந்திப்புகள் என்று அது வழக்கமாக வேண்டும். இரண்டாவது, தொற்று இல்லை என்று பரிசோதனை உறுதிசெய்த இடுப்பு வலிக்கு, அடுத்த ஆன்டிபயாடிக்கை எழுதும் முன் தசையைச் சோதிக்க அனுப்ப வேண்டும். மூன்றாவது, பிசியோதெரபிப் படிப்பில் ஆண்களின் இடுப்புத்தளம் செய்முறையோடு கற்பிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் பிசியோதெரபிஸ்டுகள் வீடுகளுக்கே செல்கிறார்கள். பக்கவாதம் வந்தவரின் கையை நீட்டி மடக்கப் பயிற்றுவிக்கும் அவர்களுக்கு இந்தக் கூடுதல் பயிற்சியையும் தந்தால், ஈரத்துக்கு அஞ்சி வெளியே வராத முதியவருக்கும் அது வாசல்வரை போய்ச் சேரும்.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் முதல் தேவையில்லை. வேண்டியது, வெட்கப்படாமல் கேட்கவும் சொல்லவும் கூடிய ஓர் அறையும், இறுக்கத்தையும் தளர்வையும் பிரித்தறியப் பழகிய ஒரு கையும். அந்தக் கைகளை உருவாக்கும் பொறுப்பு நம் மருத்துவக் கல்வியினுடையது. தொந்தரவை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லும் பொறுப்பு ஆண்களாகிய நம்முடையது.